"மெயில் ஐடி சொல்லுங்க சார்": வாடிக்கையாளருக்கு மரியாதையாக மின்னஞ்சல் அனுப்புவது எப்படி?

ஜவுளிக் கடையின் பில் கவுண்டர். ஒரு கையில் பை, இன்னொரு கையில் குழந்தை, பின்னால் பத்துப் பேர் வரிசை. கவுண்டரில் இருப்பவர் திரையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்பார்: "போன் நம்பர்... மெயில் ஐடி சொல்லுங்க சார்." எதற்கு என்று திருப்பிக் கேட்டால் பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவார். சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் ஒரு கடையில் திரைச்சீலை வாங்கும்போது சொன்னேன். எங்கள் வீட்டில் ஜன்னல் நான்கு. நான்குக்கும் வாங்கியாயிற்று. அதற்குப் பிறகு இரண்டு வருடம், வாரம் மூன்று தடவை, "உங்கள் ஜன்னல்கள் காத்திருக்கின்றன" என்று மெயில் வந்துகொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்லலாம் என்று அடியில் தேடினேன். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில், விலகுவதற்கான இணைப்பு இருந்தது. தொட்டால் "லாகின் செய்யவும்" என்றது. நான் அங்கே கணக்கே தொடங்கியதில்லை. போதுமடா சாமி என்று ஸ்பேம் பட்டனை அமுக்கினேன். ஒரு நொடி வேலை. அந்தக் கடையின் தொல்லை எனக்கு அதோடு தீர்ந்தது.

கடைக்குத்தான் தொல்லை அப்போது தொடங்கியது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

சொந்தமாகச் சிறு வியாபாரம் செய்துகொண்டு, வாடிக்கையாளர்களுக்கு மெயில் அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேச ஓர் உதாரணம் வேண்டும். மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிற சின்னக் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நேரில் வருகிறவர்கள் போக, இணையத்தில் ஆர்டர் எடுத்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும், எப்போதாவது டொராண்டோவுக்கும் அனுப்புகிற கடை.

வாட்ஸ்அப் இருக்கும்போது மெயில் எதற்கு?

நியாயமான கேள்விதான். வாட்ஸ்அப் செய்தி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்து சட்டைப்பையில் அதிரும். மெயில் அப்படி அவசரப்படுத்தாது. அவருக்கு நேரம் கிடைக்கும்போது திறந்து பார்த்துக்கொள்வார். நீளமாக எழுதலாம், படம் வைக்கலாம், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும். மின்னஞ்சல் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமானதும் இல்லை. இன்று ஜோஹோ கேம்பெய்ன்ஸ் என்ற மெயில் அனுப்பும் சேவை வழியாக அனுப்புகிறீர்கள், நாளை மெயில்சிம்ப் என்ற இன்னொரு சேவைக்கு மாற நினைத்தால் முகவரிப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

தொடங்கும்போதே ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். "உங்கள் சேலை கூரியரில் போட்டாயிற்று, எண் இது" என்பது ஒரு வகை மெயில். "ஆடித் தள்ளுபடி 20 சதவீதம்" என்பது வேறு வகை. முதலாவதை வாடிக்கையாளர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார், வராவிட்டால்தான் கோபிப்பார். இரண்டாவதை அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்தால் அது ஸ்பேம். பொருள் எவ்வளவு நல்லது, தள்ளுபடி எவ்வளவு பெரியது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது.

இந்தத் தகராறு மின்னஞ்சலோடு கூடவே பிறந்தது என்றே சொல்லலாம். கணினிகளுக்கிடையே முதல் மின்னஞ்சலை ரே டாம்லின்சன் அனுப்பியது 1971இல். ஏழே ஆண்டில், 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், இணையத்தின் முன்னோடியான அன்றைய அர்ப்பாநெட் வலையில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே அடியாக விளம்பரம் அனுப்பினார். கலிஃபோர்னியாவில் புதிய கணினியின் செயல்விளக்கம் நடக்கிறது, வாருங்கள் என்பதுதான் செய்தி. முகவரிகள் அச்சிட்ட டைரக்டரியிலிருந்து எடுத்தவை. அத்தனை முகவரியும் மேலே பெறுநர் பகுதியில் கொள்ளாமல் மெயிலின் உடலுக்குள் வழிந்துவிட்டன. பெற்றவர்களில் பலர் கொதித்தார்கள், வலையை நிர்வகித்தவர்கள் கண்டித்தார்கள். கணினி என்னவோ விற்றது. அதனால்தான் அந்த வழக்கம் இன்றுவரை ஒழியவில்லை.

அனுமதியும் மொய் நோட்டும்

அறிமுகம் வேறு, அனுமதி வேறு. ஒருவர் நம்மிடம் சேலை வாங்கினார் என்பது அறிமுகம். "புதுச் சரக்கு வந்தால் எனக்குச் சொல்லுங்கள்" என்று அவர் சொன்னால்தான் அது அனுமதி. பில் அனுப்ப வாங்கிய முகவரிக்கு ஆடித் தள்ளுபடி அனுப்புவது, ஏணி இரவல் வாங்கப் போன வீட்டில் அப்படியே உட்கார்ந்து சீட்டுப் பிடிக்க ஆள் சேர்ப்பதைப் போல.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 கிட்டத்தட்ட இதே காட்சியை உதாரணமாகத் தருகிறது. ஒரு பெண் மருந்துக் கடையில் பொருள் வாங்குகிறார். பணம் கட்டியதற்கு ரசீதைத் தன் செல்பேசிக்கு அனுப்பச் சொல்லி விவரம் கொடுக்கிறார். கடைக்காரர் அந்த விவரத்தை ரசீது அனுப்பப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். ரசீது அனுப்ப, அவ்வளவுதான். மற்றவற்றுக்குச் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் கட்டாயமின்றி, நிபந்தனையின்றி, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக, விஷயம் தெரிந்து, ஐயத்துக்கு இடமில்லாமல் கொடுத்ததாக இருக்க வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பையும் தர வேண்டும்; தமிழும் அதில் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

டொராண்டோ வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறாரே, அவருக்குக் கனடாவின் ஸ்பேம் எதிர்ப்புச் சட்டம் பொருந்தும். 2014 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டம் இந்த விஷயத்தில் மிகக் கறாரானது. பொருள் வாங்கியவர் எழுத்தில் சம்மதம் தராவிட்டாலும், வாங்கிய நாளிலிருந்து 2 ஆண்டு வரை அவருக்கு எழுதலாம். விலை மட்டும் விசாரித்தவருக்கு 6 மாதம் வரை. அதற்குப் பிறகு வெளிப்படையான சம்மதம் வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு 1 கோடி கனடிய டாலர் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடப்பில் உள்ள ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டியைச் சம்மதமாக ஏற்பதில்லை. அமெரிக்கச் சட்டம் இவர்களைவிடத் தளர்வு. அங்கே முன்சம்மதம் கேட்க வேண்டியதில்லை, ஆனால் பொய்யான தலைப்பு கூடாது, அனுப்புகிறவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும், விலகக் கேட்டால் 10 வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். சிறு கடைக்காரர் நாலு நாட்டுச் சட்டத்தையும் மனப்பாடம் செய்ய முடியாது. கறாரானதைப் பின்பற்றினால் மற்றவையும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

நடைமுறையில் இது பெரிய வித்தையல்ல. ஆர்டர் படிவத்தில் காலியான ஒரு பெட்டி, அதன் பக்கத்தில் ஒரு வரி: "புதிய சேலைகள் வரும்போது மாதம் இரண்டு மெயில் அனுப்பலாமா? எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்." எத்தனை வரும், எதைப் பற்றி வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாதம் இரண்டு என்று சொல்லிவிட்டு தீபாவளி வாரத்தில் ஒன்பது அனுப்புவது வாக்குத் தவறுவதுதான்.

அவர் டிக் அடித்ததும் உறுதிப்படுத்தும் மெயில் ஒன்று போக வேண்டும். "எங்கள் பட்டியலில் சேரக் கேட்டது நீங்கள்தானா? ஆம் என்றால் இங்கே தொடுங்கள்." இதில் பாதிப்பேர் கழன்றுகொள்வார்களே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கழன்றுகொள்கிறவர் பின்னால் ஸ்பேம் என்று அமுக்கப் போகிறவர்தான், இப்போதே போகட்டும். இன்னொரு பலனும் இருக்கிறது. நம் ஊரில் முருகன் என்ற பெயரோடு எண் சேர்த்து எத்தனை ஆயிரம் முகவரி இருக்கும்? ஓர் எண் மாறினால் மெயில் வேறொரு முருகனுக்குப் போகும். அவர் சேலை வாங்கவும் இல்லை, உங்கள் கடையைக் கேள்விப்பட்டதும் இல்லை.

மொய் நோட்டு எழுதும் ஊரில் இருந்துகொண்டு பதிவேடு பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. யார், எந்த ஊர், எவ்வளவு என்று கல்யாண வீட்டில் ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் அல்லவா, அதே கவனம் இங்கேயும் வேண்டும்: இந்த முகவரி எந்தத் தேதியில், எந்தப் படிவம் வழியாக வந்தது, எதற்குச் சம்மதித்தார். மெயில் அனுப்பும் சேவைகள் இதைத் தாமாகவே குறித்துக்கொள்ளும். கண்காட்சியில் சீட்டு எழுதிப் போட வைத்துச் சேர்த்த முகவரி என்றால் அந்தச் சீட்டிலேயே சம்மத வரி இருந்திருக்க வேண்டும். இல்லை என்றால் குலுக்கலுக்கு மட்டும்தான் அந்த முகவரி உதவும்.

மொய் நோட்டை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். மெயில் பட்டியலை மட்டும் வாங்குகிறார்கள். லட்சக்கணக்கான முகவரி சில ஆயிரம் ரூபாய்க்கு என்று ஆட்கள் அலைகிறார்கள். அந்தப் பட்டியலில் கண்ணி முகவரிகள் கலந்திருக்கும். அவற்றுக்குப் பின்னால் மனிதர் இல்லை. கேட்காமல் அனுப்புகிறவரைப் பிடிப்பதற்காகவே வைத்திருப்பவை. 1998இல் தொடங்கிய ஸ்பேம்ஹாஸ் போன்ற ஸ்பேம் எதிர்ப்பு அமைப்புகள் தங்கள் தடைப் பட்டியலில் உங்களைச் சேர்த்துவிட்டால், உலகமெங்கும் பல அஞ்சல் வழங்கிகள் (சர்வர்கள்) உங்கள் மெயிலை வாசலிலேயே திருப்பிவிடும்.

ஸ்பேம் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும்?

இப்போது திரைச்சீலைக் கடைக்கு வரலாம். நான் ஸ்பேம் பட்டனை அமுக்கியதும் மெயில் என் கண்ணிலிருந்து மறைந்ததோடு வேலை முடியவில்லை. ஜிமெயிலின் கணக்கேட்டில் அந்தக் கடையின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி விழுந்தது. அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நற்பெயர்க் கணக்கு உண்டு. எத்தனை பேர் திறக்கிறார்கள், எத்தனை பேர் பதில் போடுகிறார்கள், எத்தனை பேர் ஸ்பேம் என்கிறார்கள், இல்லாத முகவரிக்கு எத்தனை போய்த் திரும்புகிறது என்று பலவற்றையும் சேர்த்து அது எடைபோடப்படும். பெயர் கெட்டால் உங்கள் மெயில், அதை ஆவலோடு எதிர்பார்க்கிறவரின் ஸ்பேம் பெட்டிக்கும் போகும். சில நேரம் பில்லும் கூரியர் எண்ணும்கூட அங்கேதான் போய் விழும். ஒருவரை அவமதித்ததற்கு இன்னொரு வாடிக்கையாளர் அவதிப்படுகிறார் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் விசித்திரம்.

எவ்வளவு பேர் அமுக்கினால் பெயர் கெடும்? கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபரில் அறிவித்து 2024 பிப்ரவரி முதல் அமல்படுத்திய விதிகளில் இதற்கு எண் இருக்கிறது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது என்கிறது கூகுள். எளிய கணக்கில் சொன்னால் ஆயிரம் பேருக்கு அனுப்பினால் ஒருவர் கோபித்துக்கொண்டால் தாங்கும், மூன்று பேர் கோபித்தால் ஆபத்து. ஊரில் ஆயிரம் வீட்டுக்கு நோட்டீஸ் போட்டால் மூன்று பேரா திட்டுவார்கள்? மின்னஞ்சலில் திட்டுக்கு விலை அதிகம்.

அதே விதிகள் ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களிடம் மூன்று அடையாளச் சான்றுகளைக் கேட்கின்றன. பெயர்கள்தான் மிரட்டும், விஷயம் சரக்கு லாரி சமாசாரம். எஸ்பிஎஃப் என்பது "எங்கள் கடைப் பெயரில் இன்னின்ன வண்டிதான் சரக்கு கொண்டுவரும்" என்று முன்கூட்டியே எழுதி ஒட்டும் பட்டியல். டிகிம் என்பது மூட்டையில் வைக்கும் அரக்கு முத்திரை. வழியில் யாரும் பிரித்து மாற்றவில்லை என்பதற்குச் சாட்சி. டிமார்க் என்பது இரண்டும் பொருந்தாமல் வரும் மூட்டையை என்ன செய்வது என்று நாம் தரும் உத்தரவு: விட்டுவிடு, ஓரமாக வை, திருப்பி அனுப்பு. மெயில் சேவை நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைப் பார்த்து ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கலாம். நம் சுங்குடிக் கடை 5,000ஐத் தொடாது, இருந்தாலும் மூன்றையும் செய்துவிடுவது நல்லது. இவற்றுக்குச் சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர், வேண்டும். ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு சேவை வழியாக மொத்தமாக அனுப்பினால், அது ஆள்மாறாட்டமாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

"வணக்கம் எஸ்,"

மென்பொருளுக்குத் தமிழர் பெயர் புரியாது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால், நாம் இனிஷியலை எங்காவது ஓரிடத்தில் போட்டே ஆக வேண்டும். முதல் பெட்டியில் போட்டவருக்கு "வணக்கம் எஸ்," என்று மெயில் வரும். அப்பா பெயரைக் கடைசிப் பெட்டியில் போட்ட பெண்ணுக்கு "அன்புள்ள திரு. ராமசாமி" என்று வரும். ராமசாமி அவருடைய அப்பா. இப்படி அழைப்பதற்குப் பெயரே சொல்லாமல் "வணக்கம்" என்று மட்டும் தொடங்கலாம். தீர்வு எளியது: படிவத்தில் ஒரே பெட்டி, "உங்களை எப்படி அழைக்கலாம்?" செல்வி டீச்சர் என்று எழுதுகிறவருக்கு "வணக்கம் செல்வி டீச்சர்" என்றே போகட்டும்.

நெருக்கம் காட்டுகிறேன் என்று "மச்சி, ஆஃபரை மிஸ் பண்ணிடாத" என்று எழுதும் கடைகள் பெருகிவிட்டன. சேலைக் கடையின் பட்டியலில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியையும் இருப்பார், கல்லூரிப் பெண்ணும் இருப்பார். கடையில் நேரில் வந்தால் இருவரையும் "வாங்க" என்றுதான் சொல்வோம். மெயிலிலும் அதுவே போதும். எதிர்ப்பக்கம் போய் "மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு" என்று அரசாணை நடையில் எழுதுவதும் வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்து பேசுகிற மொழியைக் கொஞ்சம் திருத்தி எழுதினால் சரியாக வரும்.

தலைப்பு வரியில்தான் அதிகத் திருட்டு நடக்கிறது. நாம் எழுதாத மெயிலுக்குப் பதில் வந்ததுபோல் தலைப்பில் "ரீ:" போடுவது, "உங்கள் ஆர்டரில் சிக்கல்" என்று பதற வைத்து உள்ளே கூப்பன் காட்டுவது, "இன்றே கடைசி" என்று பத்து நாள் தொடர்ந்து சொல்வது. திறப்பார்கள்தான். ஒருமுறை. இன்று கடைசி என்றால் நாளைக்குத் தள்ளுபடி இருக்கக் கூடாது. "காவி நிறத்தில் ஆறு புதிய சுங்குடிகள்" என்பது சப்பென்ற தலைப்பாகத் தெரியலாம், ஆனால் காவி வேண்டுகிறவர் திறப்பார், வேண்டாதவர் ஏமாறாமல் கடந்துபோவார்.

தீபாவளி எல்லா வீட்டுக்கும் வருவதில்லை

பிரிட்டனில் பூ விற்கும் ப்ளூம் அண்ட் வைல்ட் என்ற நிறுவனம் 2019இல் அன்னையர் தினத்துக்கு முன் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மெயில் அனுப்பியது. சிலருக்கு இந்த நாள் வேதனையாக இருக்கலாம், அன்னையர் தின மெயில்கள் வேண்டாமென்றால் சொல்லுங்கள், அவற்றை மட்டும் நிறுத்திவைக்கிறோம், மற்றவை வழக்கம்போல வரும் என்று. ஏறத்தாழ 18,000 பேர் வேண்டாம் என்றார்கள். பலர் நன்றி சொல்லி எழுதினார்கள். அம்மாவை இழந்தவர்கள், குழந்தைக்காக ஏங்குகிறவர்கள். பிறகு வேறு பல நிறுவனங்களும் இதைப் பின்பற்றின.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்த் தீபாவளிதான் நினைவுக்கு வந்தது. வீட்டில் சாவு விழுந்த வருடம் பண்டிகை கொண்டாடுவதில்லை. அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் பலகாரம் கொடுத்தனுப்புவார்கள், "தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்க மாட்டார்கள். இந்த இங்கிதம் தெருவில் எல்லாருக்கும் தெரியும். கடையின் மெயில் பட்டியலுக்குத் தெரியாது, அது பத்து நாளில் ஏழு முறை கேட்கும். ஆகவே புரட்டாசி பிறந்ததும் ஒரு சிறு மெயில்: "இந்த ஆண்டு தீபாவளி மெயில்கள் வேண்டாம் என்றால் இங்கே தொடுங்கள். காரணம் கேட்க மாட்டோம். தை பிறந்ததும் வழக்கம்போல எழுதுகிறோம்." தொட்டவரைத் தனிக் குழுவில் போட்டு, தீபாவளி மெயில்களில் அந்தக் குழுவை விலக்கிவிட்டால் வேலை முடிந்தது. பெரும்பாலான மெயில் சேவைகளில் இந்த வசதி இருக்கிறது. தலைதீபாவளி, வளைகாப்பு என்று குறிப்பிட்ட சடங்குகளை ஒட்டி அனுப்பும்போது இன்னும் கவனம் வேண்டும். அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது.

தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. விளம்பர மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி அளவுப் படம் வைத்திருப்பார்கள். அது உங்கள் திரையில் ஏறும்போது, நீங்கள் திறந்த நேரம் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். "நேற்று இரவு எங்கள் பச்சைச் சேலையை மூன்று முறை பார்த்தீர்களே" என்று எழுதினால் வாடிக்கையாளர் மகிழ மாட்டார், திரைச்சீலையை இழுத்து மூடுவார். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் இந்தப் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. மனிதர் திறக்காத மெயிலும் திறந்ததாகக் கணக்கில் வரும். ஆக, திறந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணை இப்போது பெரிதாக நம்ப முடியாது. யார் பதில் எழுதினார்கள், யார் வாங்கினார்கள் என்று பாருங்கள். பதில் எழுதவே முடியாத "நோ-ரிப்ளை" முகவரியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வெளியே போகும் வழி

ஒரு கடை மரியாதை தெரிந்த கடையா என்று அறிய, நான் அதன் வரவேற்பு மெயிலைப் படிப்பதில்லை. நேராக அடியில் போய் விலகும் வழியைப் பார்ப்பேன். சேருவதற்கு ஒரு தொடல் போதுமென்றால் விலகவும் ஒரு தொடல்தான் இருக்க வேண்டும். நம் சட்டமும் சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. கூகுள், யாஹூ விதிகளும் பெருமளவில் அனுப்புகிறவர்கள் ஒரே தொடலில் விலகும் வசதியை வைக்க வேண்டும், கேட்ட 2 நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்கின்றன. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயில் காட்டும் "அன்சப்ஸ்கிரைப்" என்ற சொல் அதுதான். மெயில் சேவையில் அந்த அமைப்பை இயக்கி வைத்திருக்கிறீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மெயில் 102 கேபி அளவைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெட்டுப்படுவது அடிப்பாகம், நம் விலகல் இணைப்பு இருப்பதும் அங்கேதான். அது காணாத கோபத்தில் கை நேராக ஸ்பேம் பட்டனுக்குப் போகும்.

விலகியவரிடம் "ஏன் போகிறீர்கள்?" என்று பட்டியல் நீட்டலாம், பதில் சொல்வதைக் கட்டாயமாக்கக் கூடாது. விலகியவருக்கு மறுபடி எழுதவே கூடாது, "உண்மையிலேயே வேண்டாமா?" என்று கேட்கக்கூட. ஃப்ளைபி என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் 2016 ஆகஸ்டில் அதைத்தான் செய்தது. விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்த 33 லட்சம் பேருக்கு "உங்கள் விவரங்கள் சரியா?" என்று மெயில் அனுப்பி, விருப்பங்களைப் புதுப்பிக்கச் சொன்னது. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 70,000 பவுண்டு அபராதம் விதித்தது. அதே நேரத்தில் ஹோண்டாவின் ஐரோப்பியப் பிரிவுக்கும் 13,000 பவுண்டு. சம்மதம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத 2,89,790 பேருக்கு "எங்களிடமிருந்து செய்தி பெற விரும்புகிறீர்களா?" என்று கேட்டதற்காக. சம்மதம் கேட்கும் மெயிலும் விளம்பர மெயில்தான் என்பது ஆணையர் எடுத்த நிலை. வெதர்ஸ்பூன் என்ற மதுக்கடைத் தொடர் 2017இல் இன்னும் ஒருபடி மேலே போய், தன் வாடிக்கையாளர் மெயில் பட்டியல் முழுவதையும் அழித்தேவிட்டது. அந்த அளவுக்கு எல்லோரும் போக வேண்டியதில்லை. ஓர் ஆண்டாக எதையும் திறக்காத, வாங்காத, பதில் சொல்லாத முகவரிகளை நாமாகவே எடுத்துவிடுவது நல்ல பழக்கம். பட்டியல் சுருங்குகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். எனக்கும் அடித்துக்கொண்டது.

விலகியதும் தோன்றும் பக்கத்தைப் பெரும்பாலான கடைகள் மென்பொருள் தந்தபடியே விட்டுவிடுகின்றன. "நீங்கள் நீக்கப்பட்டீர்கள்" என்று, ஏதோ குற்றத்துக்காக வேலையை விட்டுத் தூக்கியதுபோல இருக்கும். விருந்துக்கு வந்தவர் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்வதில்லை, "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார். நாமும் "சரி, போயிட்டு வாங்க" என்போம். சுங்குடிக் கடையின் அந்தப் பக்கத்தில் நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவுதான் எழுதுவேன்:

"நிறுத்திவிட்டோம். இனி விளம்பர மெயில் வராது. நீங்கள் ஏதாவது ஆர்டர் செய்தால் அதற்கான பில்லும் கூரியர் எண்ணும் மட்டும் வரும். சேலை வேண்டும் என்று தோன்றினால் எங்கள் இணையக் கடை எப்போதும்போல் திறந்திருக்கும். போயிட்டு வாங்க."